பட்டறை பூட்டியாயிற்று, கடை திறந்திருக்கிறது

கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விளையாடிய பிள்ளைகள் எங்கள் கல்முனைப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ராக்கெட்டைத் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டி, மேலே அனுப்பி, சுற்றுப்பாதையில் நிறுத்த வேண்டும். எரிபொருள் கணக்குப் பிழைத்தால் விழுந்து நொறுங்கிவிடும். ஏ.எல். பௌதிகவியல் வகுப்பில் வெறும் சமன்பாடாகப் பார்த்த ஈர்ப்பு விசை, இந்த கேமில் கண்ணுக்கு முன்னால் வேலை செய்யும். அதனாலேயே அதன் மேல் எனக்குத் தனி மரியாதை.

அதன் இரண்டாம் பாகம் 2023 பெப்ரவரி 24ஆம் திகதி ஸ்டீம் என்ற இணையக் கடையில் ‘ஏர்லி அக்சஸ்’ என்ற முத்திரையோடு விற்பனைக்கு வந்தது. கேமை இன்னும் செய்து முடிக்கவில்லை, இப்போதே காசு கொடுத்து விளையாடத் தொடங்குங்கள், மிச்சத்தை நாங்கள் செய்துகொண்டே போகிறோம் என்ற ஏற்பாடு அது. விலை 49.99 டொலர். 2024 ஏப்ரல் கடைசியில், அதைச் செய்துகொண்டிருந்த சியாட்டல் அலுவலகத்தில் 70 பேருக்கு வேலை போகப்போகிறது என்ற அறிவித்தல் வெளியானது. ஜூன் மாதத்தோடு இன்டர்செப்ட் கேம்ஸ் என்ற அந்தக் குழு இல்லாமல் போனது. அதன் பிறகு கேம் ஓர் அங்குலமும் நகரவில்லை. ஆனால் 2025இலும் கடைப் பக்கம் அப்படியேதான் இருந்தது. அதே முத்திரை, அதே 49.99 டொலர், வாங்கச் சொல்லும் அதே பச்சைப் பட்டன்.

முடியாத பொருளை விற்பது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. செய்தவர்கள் எழுந்து போன பிறகும், உள்ளே வேலை நடக்கிறது என்ற தோற்றத்தில் அதைத் தொடர்ந்து விற்பதுதான் பிழை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகாவிட்டால் வாங்குகிறவனும் ஏமாறுவான், நேர்மையாகச் செய்கிறவனும் கெடுவான்.

என் தங்கச்சியின் மகன் இதே மாதிரி வேறொரு கேமைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். காட்டில் குடிசை கட்டி, வேட்டையாடி உயிர் பிழைக்கிற கேம். “மாமா, இத எடுக்கலாமா? ரெண்டு வருஷமா அப்டேட்டே இல்ல எண்டு கமெண்டுல போட்டிரிக்காங்க. ஆனா கடையில இன்னும் விக்கிறாங்கதானே? செய்யாம உட்ட கேம விப்பாங்களா?” என்று கேட்டான்.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பெரிய கடையில் ஒரு பொருள் இருந்தால் யாரோ பார்த்துத்தான் வைத்திருப்பார்கள் என்று நினைப்பது மனித இயல்பு. விற்பனையில் இருப்பதையே சான்றாக எடுத்துக்கொள்கிறோம். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

ஏர்லி அக்சஸ் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மைன்கிராஃப்ட் 2009இலேயே முடியாத நிலையில் விற்கத் தொடங்கி, அந்தக் காசிலும் விளையாடியவர்களின் கருத்திலும் வளர்ந்து, 2011 நவம்பரில் முழுமையாக வெளிவந்தது. 2013 மார்ச்சில் ஸ்டீம் இந்த முறைக்குத் தன் கடையில் தனி இடம் கொடுத்தது. பெரிய முதலீட்டாளர் இல்லாத சிறு குழுக்களுக்கு அது வாசல் திறந்த மாதிரி. ஹேடிஸ் 2018 டிசம்பரில் முடியாமல் வந்து 2020 செப்டெம்பரில் முழுமையானது. பல்டர்ஸ் கேட் 3 ஏறத்தாழ மூன்று வருடம் இப்படி இருந்துதான் 2023 ஓகஸ்டில் முழுமையாக வந்து உலகமே கொண்டாடியது. பப்ஜியும் 2017இல் இதே வழியாகத்தான் வந்தது. எங்கள் ஊரில் இஷாத் தொழுகை முடிந்து திண்ணையில் போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகள் விளையாடும் பப்ஜிக்கு மூலம் அதுதான்.

கேர்பல் முதலாம் பாகத்தின் கதை இவற்றை விட அழகானது. மெக்ஸிகோ சிட்டியில் ஸ்குவாட் என்பது ஒரு விளம்பர நிறுவனம். அங்கே வேலை பார்த்த ஃபெலிபே ஃபலாங்கே தன் ஆசைக்காகத் தொடங்கிய கேம் இது. 2011இல் அரைகுறையாக வெளிவந்தது. வாங்கியவர்கள் கொடுத்த காசில் ஒவ்வொரு பகுதியாகச் சேர்ந்து, 2015 ஏப்ரலில் முழுப் பதிப்பாக நின்றது. இடையில் 2014இல் நாசாவே இவர்களோடு சேர்ந்து விண்கல் பயணம் ஒன்றைக் கேமுக்குள் கொண்டுவந்தது. 2017இல் டேக்-டூ நிறுவனம் அந்தக் கேமை விலைக்கு வாங்கியது. ஜிடிஏ விற்கிற அதே டேக்-டூ.

முதலாம் பாகமும் முடியாமல் விற்ற கேம்தான், இரண்டாம் பாகமும் முடியாமல் விற்ற கேம்தான். முதலாவதை வாங்கியவர்களுக்குச் சொன்ன வார்த்தை காப்பாற்றப்பட்டது. அந்த வார்த்தையை நம்பித்தான் இரண்டாவதை வாங்கினார்கள்.

இரண்டாம் பாகத்தை 2019 ஓகஸ்டில் அறிவித்தபோது 2020இல் வரும் என்றார்கள். அப்போது அதைச் செய்துகொண்டிருந்தது ஸ்டார் தியரி என்ற குழு. டேக்-டூ அவர்களிடமிருந்து வேலையை எடுத்து, அவர்களின் ஆட்களிலேயே பலரை அழைத்து இன்டர்செப்ட் என்ற புதுக் குழுவை அமைத்தது. ஸ்டார் தியரி 2020இல் மூடப்பட்டது. பலமுறை தள்ளிப்போய் 2023இல் ஏர்லி அக்சஸாக வந்தபோது, குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டும் என்றார்கள். எங்கள் ஊர் வீடுகளில் படிப்புக்காக வாங்கி வைத்த கம்ப்யூட்டர்களுக்கு அது எட்டாத தேவை. பெரிய கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களிடமும் திக்கித் திக்கித்தான் ஓடியது.

வருங்காலத் திட்டம் என்று ஐந்து படிகள் காட்டினார்கள். முதலில் விஞ்ஞானப் பயணங்கள், அடுத்து வேற்றுக் கிரகக் குடியிருப்புகள், பிறகு வேறு நட்சத்திரங்களுக்குப் பயணம், அதற்குப் பின் புதிய தேடல்கள், கடைசியில் பலர் சேர்ந்து விளையாடும் வசதி. விஞ்ஞானப் படி 2023 டிசம்பரில் வந்தது. மற்ற நான்கும் வரவேயில்லை. முழு விலை வாங்கினார்கள், ஐந்தில் ஒன்றைக் கொடுத்தார்கள்.

முன்கூட்டியே காசு கொடுத்து வாங்குவது எங்கள் சமூகத்துக்குப் புதிய விஷயம் இல்லை. வேளாண்மை வெட்டுக்கு முன்பே நெல்லுக்குக் காசு வாங்குவது இந்த அம்பாறைக் கரையில் தெரிந்த வழக்கம். மார்க்கத்திலும் இதற்கு இடம் உண்டு. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளவர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்து வரப்போகும் ஈத்தம்பழத்துக்கு இப்போதே காசு கொடுத்து வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். அதை நபியவர்கள் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும் என்று ஒழுங்குபடுத்தினார்கள். அதுதான் ஸலம் என்ற ஒப்பந்தம். செய்யச் சொல்லி வாங்கும் பொருளுக்கு இஸ்திஸ்னா என்ற இன்னோர் ஏற்பாடும் இருக்கிறது. தச்சரிடம் கதவு செய்யக் கொடுத்தால் எந்த மரம், எத்தனை அடி, என்ன வேலைப்பாடு என்று பேசிக்கொள்வோம், அது மாதிரி.

ஏர்லி அக்சஸ் கேமுக்கு ஃபத்வா சொல்வது ஆலிம்களின் வேலை. நான் அந்த ஒழுங்கின் நியாயத்தை மட்டும் எடுத்துப் பார்க்கிறேன். முன்பணம் வாங்குகிறவன் பலம் உள்ளவன், கொடுக்கிறவன் பலம் இல்லாதவன். அதனால்தான் என்ன, எவ்வளவு, எப்போது என்ற மூன்றையும் முதலிலேயே பேசச் சொன்னார்கள். ஸ்டீமின் ஏற்பாட்டில் இந்த மூன்றும் திறந்தே கிடக்கின்றன. சில குழுக்களால் கேமை முடிக்க முடியாமல் போகலாம், இப்போது உள்ள நிலையில் பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள் என்று வாங்குகிறவர்களுக்கு ஸ்டீம் எழுதி வைத்திருக்கிறது. வருங்காலத்தைப் பற்றிக் குறிப்பான வாக்குறுதி கொடுக்காதீர்கள் என்று செய்கிறவர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறது. ஆபத்து முழுவதும் வாங்குகிறவன் தலையில்.

சரி, வேலை நடக்கிற காலத்தில் அந்த ஆபத்தை ஒருவன் தெரிந்தே எடுத்துக்கொள்ளலாம். முடியுமா முடியாதா என்பது செய்கிறவனுக்கே அப்போது தெரியாது. இரண்டு பேரும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள். குழு கலைந்த பிறகு நிலைமை மாறிவிடுகிறது. இனி வராது என்பது விற்கிறவனுக்குத் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. சந்தையில் குவித்து வைத்த தானியத்துக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்தபோது உள்ளே ஈரம் இருந்ததும், மனிதர்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டதும் எங்கள் மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சம்பவம். ஈரத் தானியத்தை விற்க வேண்டாம் என்று அங்கே சொல்லப்படவில்லை. ஈரத்தை மறைத்ததுதான் குற்றமாயிற்று. கைவிட்ட கேமை விற்கிறவர்களிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான்.

கடை என்ன செய்கிறது? 2025 பெப்ரவரியில் ஸ்டீம் ஒரு நல்ல காரியம் செய்தது. ஏர்லி அக்சஸ் கேம் ஒன்றில் ஒரு வருடத்துக்கு மேல் எந்த அப்டேட்டும் வராவிட்டால், கடைசி அப்டேட் வந்து இத்தனை மாதமாகிறது, செய்கிறவர்கள் இங்கே சொல்லியிருப்பது இப்போது பொருந்தாமல் இருக்கலாம் என்று கடைப் பக்கத்தில் அறிவித்தல் காட்டத் தொடங்கியது. பன்னிரண்டு வருடம் பிந்தி வந்தாலும் வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் போதாது. அந்த அறிவித்தலுக்குத் தெரிவது காலம் மட்டும். குழு இருக்கிறதா கலைந்ததா என்பது அதற்குத் தெரியாது. அலுவலகம் பூட்டிய மறுநாள் வாங்குகிறவனுக்கு ஒரு வருடம் வரை எந்த எச்சரிக்கையும் இல்லை. அறிவித்தல் வந்த பிறகும் விலை குறைவதில்லை, பட்டனும் மறைவதில்லை.

கடையால் இதற்கு மேல் முடியாது என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். 2014 மே மாதம் ‘எர்த்: இயர் 2066’ என்ற கேம், சொன்னது ஒன்றும் இருந்தது இன்னொன்றுமாக இருந்ததால், ஸ்டீம் அதை எடுத்துவிட்டு வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பியது. 2023 டிசம்பர் 7ஆம் திகதி ‘தி டே பிஃபோர்’ என்ற கேம் பெரும் எதிர்பார்ப்போடு ஏர்லி அக்சஸில் வந்தது. நான்கே நாளில் ஃபன்டாஸ்டிக் என்ற அந்த நிறுவனம் தன்னை மூடுவதாக அறிவித்தது. எவ்வளவு நேரம் விளையாடியிருந்தாலும் காசைத் திருப்பிப் பெறலாம் என்று ஆனது, 2024 ஜனவரி 22ஆம் திகதி சேர்வரும் நின்றது. உலகமே சத்தம் போட்டபோது கடைக்கு வழி தெரிந்தது. சத்தம் இல்லாமல் சாகிற சின்னக் கேம்களுக்கும் அதே வழி வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் ஸ்டீமின் வழமையான பங்கு 30 வீதம். பங்கு எடுக்கிறவருக்குப் பொறுப்பிலும் பங்கு உண்டு.

சட்டத்தால் கடையைத் தொட முடியும் என்பதற்கு அவுஸ்திரேலியா சாட்சி. காசைத் திருப்பிக் கொடுப்பது பற்றி வாங்குபவர்களைத் தவறாக வழிநடத்தியது என்று அங்குள்ள நுகர்வோர் ஆணைக்குழு 2014இல் ஸ்டீமின் உரிமையாளரான வால்வ் மேல் வழக்குப் போட்டது. நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம், உங்கள் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்ற மாதிரியே வால்வ் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. 2016 டிசம்பரில் 30 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. வழக்கு நடந்துகொண்டிருந்த 2015 ஜூனில்தான், வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம் என்ற ஒழுங்கை ஸ்டீம் உலகம் முழுவதற்கும் கொண்டுவந்தது.

எங்களிடமும் சட்டம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையைத் தடை செய்கிறது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் உண்டு. அரிசி, பருப்பு, காஸ் விலைக்கு நாங்கள் அழைக்கிற இலக்கம். இணையத்தில் வாங்கும் பொருளும் பொருள்தான் என்று அந்த அதிகாரசபையைப் பேச வைக்க வேண்டும். நாங்கள் கேட்காதவரை அது நடக்காது.

சின்னக் காசு, பொழுதுபோக்குச் சாமான், இதற்கு இவ்வளவு பேச்சா என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால், 49.99 டொலர் 15,000 ரூபாய். 2025 ஏப்ரலில் இந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அரை மாதச் சம்பளத்துக்கு மேல். 2022இல் டொலர் இரண்டே மாதத்தில் 200இல் இருந்து 360க்கு ஏறியபோது, சேர்த்து வைத்த காசு கண்ணுக்கு முன்னாலேயே கரைந்ததைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். பெருநாள் காசைச் சேர்த்து, கட்டாரில் இருக்கும் வாப்பாவிடம் கேட்டுக் கேட்டு ஒரு கேம் வாங்குகிறார்கள்.

அந்த 14 நாள் ஒழுங்கும் எங்களுக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. நாட்கள் எண்ணப்படுவது வாங்கிய நேரத்திலிருந்து. பெரிய கேமை இரவு டேட்டாவில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிற வீட்டில், விளையாடிப் பார்க்கும் முன்பே அதில் பாதி போய்விடும். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கான வங்கி அட்டை இல்லாத பிள்ளைகள் கேமைத் திறக்கும் குறியீடான ‘கீ’யை பேஸ்புக் வழியாக வாங்குகிறார்கள். வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் காசு திருப்பாது. விற்ற ஆள் பில் கொடுப்பதும் இல்லை. 1977க்கு அழைத்தாலும் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது.

எனவே தங்கச்சி மகனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். கடைப் பக்கத்தில் செய்தி, அப்டேட் பகுதியைத் திறந்து கடைசித் திகதியைப் பாருங்கள். மொத்த மதிப்பீட்டை விட்டுவிட்டு, கடந்த 30 நாள் மதிப்பீட்டைப் பாருங்கள். பழைய புகழ் புதிய கெடுதியை மறைத்துவிடும். செய்தவர்களின் மற்றக் கேம்கள் முடிந்திருக்கின்றனவா என்று தேடுங்கள். வருங்காலத் திட்டத்தை மனதிலிருந்து எடுத்துவிட்டு, இன்றைக்கு இருப்பதற்கு மட்டும் இந்த விலை தகுமா என்று கேளுங்கள். கீ வாங்காதீர்கள். வாங்கினால் நேரே ஸ்டீமில், அதுவும் இறக்கி விளையாட நேரம் இருக்கிற விடுமுறையில் வாங்குங்கள். அவன் எல்லாம் பார்த்துவிட்டு, “வேணாம் மாமா, இவங்க இதுக்கு முந்தின கேமையும் அப்பிடியே உட்டிரிக்காங்க” என்று தானாகவே விட்டுவிட்டான்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதமும் இருக்கிறது. கைவிட்ட கேமைக் கடையிலிருந்து எடுத்துவிட்டால், அரைகுறையாக இருந்தாலும் பிடித்து விளையாட விரும்புகிறவனுக்கு அது கிடைக்காது, ஒரு படைப்பு அழிந்துபோகும் என்கிறார்கள். எனக்கும் அழிப்பதில் விருப்பமில்லை. டபுள் ஃபைன் என்ற குழு ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9 என்ற கேமை 2013இல் ஏர்லி அக்சஸில் விட்டு, காசு போதாமல் 2014இல் நிறுத்தியது. சொன்ன பல வசதிகள் வராததில் வாங்கியவர்களுக்குக் கோபம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் இனித் தொடர மாட்டோம் என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள், விளையாடுபவர்கள் தாங்களே திருத்தி வளர்க்கும்படி கேமின் நிரலையும் திறந்து கொடுத்தார்கள். முடியாமல் போனவன் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.

அதனால் நான் கேட்பவை இவை. குழு கலைந்தால் அதை ஒரு மாதத்துக்குள் கடைப் பக்கத்தில் எழுத வேண்டும். ஏர்லி அக்சஸ் முத்திரையை எடுத்துவிட்டு, வேலை நிறுத்தப்பட்டது என்ற முத்திரையை விலைக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். வராத பகுதிகளுக்கான விலையைக் குறைக்க வேண்டும். குழு கலைவதற்குச் சற்று முன்பு வாங்கியவர்களுக்கு, விளையாடிய நேரம் பாராமல் காசைத் திருப்ப வேண்டும். செய்தவர்கள் சொல்லாவிட்டால் கடை தானே இவற்றைச் செய்ய வேண்டும்.

இதில் எனக்குள்ள அக்கறை வாங்குகிறவர்களோடு முடிவதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் மருதமுனையிலும் நிரல் எழுதப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். டொரொன்டோவில் ஒரு சிறு குழு தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலை வைத்துச் செய்த ‘வெண்பா’ 2023 ஜூலையில் வெளிவந்து, அடுத்த வருடம் பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருதை வாங்கியது. எங்கள் கரையில் இருந்தும் ஒருநாள் ஒரு கேம் வரும். ஆழ்கடல் தோணியையோ மருதமுனைத் தறியையோ வைத்து யாராவது செய்வார்கள். அவர்களிடம் டேக்-டூவின் காசு இருக்காது. முடியாத கேமைக் காட்டி, நம்பிக் காசு தாருங்கள் என்று முன்பின் தெரியாத மனிதர்களிடம் கேட்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி குறைவு. பெரிய நிறுவனங்கள் ஏர்லி அக்சஸ் மேல் உள்ள நம்பிக்கையை இப்படியே செலவழித்து முடித்தால், அந்தப் பிள்ளை கேட்கும்போது கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

கைவிட்ட கேம் ஒன்றை நீங்கள் வாங்கியிருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். அதன் பக்கத்தில் விமர்சனம் எழுதுங்கள். கோபத்தைக் கொட்ட வேண்டாம். கடைசி அப்டேட் எந்தத் திகதி, சொன்னவற்றில் எது வந்தது, எது வரவில்லை என்பதை மட்டும் நேராக எழுதுங்கள். கடை எழுத வேண்டியதை அது எழுதும் வரைக்கும் நாங்கள் எழுதி வைப்போம்.